நீற்றுச் சுண்ணாம்பு

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளர். பெயர்தான் பெரிது. சோதனைக் குழாய் கழுவுவது, பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது, அமிலத்தைத் தண்ணீரில் கலந்து நீர்க்க வைப்பது, பிள்ளைகள் உடைத்துப் போட்ட கண்ணாடியைக் கூட்டி அள்ளுவது, இவ்வளவுதான் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். டீச்சர் பாடம் நடத்துவார், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஒரே பாடத்தைப் பத்தொன்பது தடவை காதில் வாங்கினால் மேசைக்கே மனப்பாடம் ஆகிவிடும். எனக்கும் ஆனது. பிளஸ் டூவோடு நின்றவள் என்பது எனக்கே மறந்துபோகும் அளவுக்கு ஆனது.

என் வீட்டுக்காரர் வெள்ளையடிப்பவர். பெயிண்டும் அடிப்பார், ஆனால் அவருக்குப் பிடித்தது சுண்ணாம்புதான். சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும் என்பார். சுவர் மூச்சு விட்டு என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். அவரோடு சண்டை போடுவது கஷ்டம். நாம் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருப்போம், அவர் பாட்டுக்குப் பிரஷ்ஷைச் சீவிக்கொண்டிருப்பார்.

கல்யாணம் ஆன புதிதில் அவர் கைகளைப் பார்க்கச் சகிக்காது. விரல் மடிப்பெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். சாப்பிடும்போது உப்புப் பட்டால் முகத்தைச் சுளிப்பார். தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று களிம்பைத் தடவிக்கொண்டு காலத்தை ஓட்டினார். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம் டீச்சர் சொன்னது காதில் விழுந்தது. அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அடக்கி உப்பும் தண்ணீரும் ஆகிவிடும். அன்று சாயங்காலமே ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வினிகரை ஊற்றி, வேலை முடிந்து வந்தவரை உட்கார வைத்துக் கையை முக்கச் சொன்னேன். சுண்ணாம்பு காரம், வினிகர் அமிலம், பேசாமல் முக்குங்கள் என்றேன். அவர் பேசாமல் முக்கினார். ஒரு மாதத்தில் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது.

அதோடு நான் வீட்டில் விஞ்ஞானி ஆகிவிட்டேன். கெட்டிலில் படிந்த வெள்ளைப் பாறைக்கு எலுமிச்சை, நெஞ்செரிச்சலுக்கு ஒரு சிட்டிகை சோடா உப்பு, எறும்பு கடித்த இடத்தில் ஈரச் சோப்பு என்று என் ராஜ்ஜியம் விரிந்தது. பால் இல்லாத டீயில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளிறுவதைக்கூட மகளுக்கு வித்தை காட்டுவதுபோல் காட்டுவேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவளைவிட வாய் பிளந்து பார்ப்பார். என்னைக் கேட்காமல் ஒரு மாத்திரை போட மாட்டார். அவரோடு ஏணி பிடிக்கும் கூட்டாளி ஒருவன் இருக்கிறான், நெட்டையாக இருப்பதால் அவன் பெயரே ஏணி. "அண்ணி நில்லுன்னு சொன்னா அண்ணன் தலைகீழா நிப்பாருங்க" என்று ஏணி ஊரெல்லாம் கேலி பேசுவான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான். மறைப்பானேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால், பள்ளி விடுமுறையில், எங்கள் பள்ளிக்கே அவர் வெள்ளையடிக்க வந்தார். நான்தான் தலைமையாசிரியரிடம் சொல்லி வேலையை வாங்கிக் கொடுத்தேன். பின்கட்டில் இருக்கும் பழைய பொருள் அறைக்கும் தண்ணீர்த் தொட்டி அறைக்கும் சுண்ணாம்பு. நான் மாடியில் ஆய்வகத்தில் பாட்டில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு கீழே இறங்கிப் பின்கட்டுக்குப் போனபோது, அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவியபடி வெளியே வந்துகொண்டிருந்தார். நெற்றியிலிருந்து தாடை வரை வெள்ளை. கூரையில் அடிக்கும்போது பிரஷ்ஷிலிருந்து ஒரு கட்டி அப்படியே முகத்தில் விழுந்திருக்கிறது. ஏணி அப்போது முன்கட்டில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான்.

வாசலை ஒட்டியே குழாய். அதன் கீழே ஒரு டிரம் தளும்பத் தண்ணீர், மேலே ஒரு பிளாஸ்டிக் மக். அவர் தடவித் தடவிப் போய் மக்கை எடுத்து மொண்டுவிட்டார். முகத்தருகே கொண்டுபோய்விட்டார்.

"தண்ணி ஊத்தாதீங்க, கொதிக்கும்" என்றேன்.

அவர் அப்படியே நின்றார்.

"சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும். அசையாம உக்காருங்க. நான் மருந்து எடுத்துட்டு வர்றேன்."

அவர் மக்கை டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். கீழே உட்கார்ந்தார்.

எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று பிறகு பலமுறை யோசித்துவிட்டேன். விடை சுலபம். ஒவ்வொரு வருடமும் டீச்சர் ஒரு கண்ணாடிக் குவளையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டு, மேலே தண்ணீர் விட்டுக் காட்டுவார். கல் உஸ்ஸென்று சீறும், வெடிக்கும், ஆவி கிளம்பும், பிள்ளைகள் பின்னால் நகர்வார்கள். கல்லை எடுத்து வைப்பதும் பிறகு குவளையைக் கழுவுவதும் நான். சுண்ணாம்பு, தண்ணீர் என்ற இரண்டு வார்த்தையும் ஒன்றாக வந்ததும் என் தலைக்குள் அந்தக் குவளைதான் சீறியது. ஆனால் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு அந்தக் கல் இல்லை. அது ஏற்கெனவே தண்ணீர் குடித்து, சீறி, அடங்கிய சுண்ணாம்பு. நீற்றுச் சுண்ணாம்பு. அதில் இன்னும் பத்து வாளி ஊற்றினாலும் கொதிக்காது. இதுவும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

இரண்டு மாடி ஏறினேன். சாவிக் கொத்தில் சரியான சாவி மூன்றாவது தடவைதான் கிடைத்தது. முதலுதவி அலமாரியில் போரிக் அமிலப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். விடுமுறையில் காய்ந்து, அடியில் வெள்ளையாகப் பொருக்குத்தட்டி இருந்தது. கண்ணில் காரம் பட்டால் ஒரு சதவீத போரிக் அமிலம் என்று சுவரில் இருக்கும் பட்டியல் சொல்கிறது. புதிதாகக் கரைத்தேன். இருநூறு மில்லிக்கு இரண்டு கிராம். தராசில் தாள் வைத்து, தூளைப் போட்டு, காற்று படாமல் தராசின் கதவை மூடி, எண் ஓடி நிற்கும்வரை காத்திருந்தேன். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கரண்டி நுனியால் எடுத்துவிட்டேன். பச்சைத் தண்ணீரில் போரிக் சீக்கிரம் கரையாது. கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டே இருந்தேன். கரைக்க எடுத்த காய்ச்சி வடித்த தண்ணீர் இருபது லிட்டர் கேனில் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

கீழே வந்தபோது அவர் உட்கார வைத்த இடத்திலேயே இருந்தார். இரண்டு கையும் முழங்கால் மேல். முகம் மேலே தூக்கியபடி. கண்ணிலிருந்து வெள்ளையாக வழிந்து தாடையில் காய்ந்திருந்தது. இமையைப் பிரித்து ஊற்றினேன். இருநூறு மில்லியும் இரண்டு கண்ணுக்குமாகத் தீர்ந்துபோனது. அந்த நேரம் ஏணி வந்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவர் தலையைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் தள்ளித் திறந்துவிட்டான். நான் காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மொத்தம் ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் கழுவினார்கள். பை பையாக உப்புத் தண்ணீர் குழாய் வழியாக ஓடியது. நர்ஸ் இமையைத் திருப்பிப் பஞ்சுக் குச்சியால் சுண்ணாம்புத் துணுக்குகளை எடுத்துத் தட்டில் வைத்தார். நடுநடுவே மஞ்சள் தாள் துண்டு ஒன்றைக் கண்ணின் ஓரத்தில் தொட்டு எடுத்துப் பார்த்தார். அந்தத் தாளை எனக்குத் தெரியும். பி.ஹெச். தாள். எங்கள் ஆய்வகத்தில் நான்தான் அதைச் சுருளிலிருந்து கிழித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். முதல் தாள் கருநீலம் ஆனது. பதினொன்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்தது நீலம். ஒன்பது. கடைசியில் பச்சை வந்தது. ஏழு, நடுநிலை. எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. எண்தான் வந்தது.

டாக்டர் வந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "பட்டதும் எவ்வளவு நேரத்துல கழுவினீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் படுத்தபடியே சொன்னார். "என் பொண்டாட்டி உடனே மருந்து ஊத்திட்டாங்க டாக்டர். ஸ்கூல் லேப்ல இருக்காங்க."

"என்ன மருந்து?"

"போரிக் ஆசிட். ஒரு பெர்சென்ட்" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு வெளியே கூப்பிட்டார். பக்கத்தில் குழாய் இல்லையா என்று கேட்டார். இருந்தது என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பொறுமையாக விளக்கினார். "ஆசிட் பட்ட இடத்தைச் சுட்டுட்டு அநேகமா அங்கயே நின்னுடும். காரம் நிக்காது. கரைச்சுக்கிட்டே உள்ள போகும். அதனாலதான் முதல் நிமிஷம் முக்கியம். எந்தத் தண்ணியா இருந்தாலும் பரவாயில்ல. வலது கண்ணைக் காப்பாத்திடலாம். இடது கண்ணுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

காரம் கொழுப்பைக் கரைக்கும் என்பது எனக்குத் தெரியாதா. வருடா வருடம் அதை வைத்துத்தான் எண்ணெயில் சோப்பு செய்து காட்டுகிறோம். சரி டாக்டர் என்றேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே போய் வரிசையில் நின்றேன்.

இடது கண் பத்து நாளில் வெளுத்துவிட்டது. தேய்த்த கண்ணாடிபோல் ஆகிவிட்டது. வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பது மட்டும் தெரியும். வலது கண்ணில் லேசான மங்கல்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று நான் முதலில் போய் நின்றது ஆய்வகச் சுவரில் இருக்கும் பட்டியலுக்கு முன்னால்தான். கண்ணில் காரம் பட்டால். முதல் வரி, நிறையத் தண்ணீரால் உடனே கழுவவும். இரண்டாவது வரி, பிறகு ஒரு சதவீத போரிக் அமிலக் கரைசல். முதல் வரியைப் புதிதாக யாரும் எழுதவில்லை. பத்தொன்பது வருடமாக அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அதில் எனக்கு வேலை இல்லை. தண்ணீருக்குக் குழாய் இருக்கிறது. பாட்டிலை நிரப்பி வைப்பதுதான் என் வேலை. என் வேலை இருந்த வரியை மட்டும் படித்து வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சோதனைக் குழாய் கழுவப் போனேன்.

அன்று ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் என்னைப் பற்றி நான்கு வார்த்தை பேசினார். பதறாமல் சரியான மருந்தைக் கொடுத்துக் கணவரின் ஒரு கண்ணையாவது காப்பாற்றினாராம். எல்லோரும் கை தட்டினார்கள். வேதியியல் டீச்சர் மட்டும் தட்டவில்லை. குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் பட்டியலின் முதல் வரிக்கு அடியில் யாரோ சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள்.

நாத்தனார் வந்து பத்து நாள் இருந்தாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். "அண்ணி மட்டும் அங்க இல்லன்னா ரெண்டு கண்ணும் போயிருக்கும். படிச்சவங்க படிச்சவங்கதான்." நான் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் இப்போது வெளியே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். கை தன் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் பேச்சு வேறெங்காவது போய்விடும். எனக்கும் நிம்மதியாக இருக்கும், நிம்மதியாக இருந்தது என்பதே அசிங்கமாக இருக்கும், அதுவும் கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

நான் உடைந்து போயிருந்தேன் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். மரத்துப் போயிருந்தேன். ஒரே பக்கமாகப் படுத்து எழுந்த கைபோல. தொட்டால் தெரியும், ஆனால் வேறு யாருடைய கையையோ தொடுவதுபோல் இருக்கும். காலையில் எழுந்தேன், சமைத்தேன், பள்ளிக்குப் போனேன், மதியம் ஒரு தடவை ஓடி வந்து போனேன், சாயங்காலம் வந்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவருக்குச் சொட்டு மருந்து. அவர் நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் தூக்குவார். நான் இமையை இழுத்து ஒரு சொட்டு விடுவேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை. அந்த ஆறு தடவையும் அவர் முகம் அதே மாதிரி மேலே தூக்கியபடி இருக்கும். நான் சொட்டை மட்டும் பார்ப்பேன்.

அவரால் ஏணியில் ஏற முடியவில்லை. ஒரு கண்ணால் தூரம் பிடிபடவில்லை. டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். சுவரில் பிரஷ்ஷை வைக்கப் போனால் சுவருக்கு முன்னாலேயே கை நின்றுவிட்டது. மூன்றாவது மாதம் ஏணி வந்து வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனான். இப்போது கீழே இருந்து சுண்ணாம்பு கலக்கிக் கொடுக்கிறார். மேலே அடிப்பது ஏணி. "இத்தனை வருஷமா அவன் எனக்கு ஏணி பிடிச்சான், இப்ப நான் அவனுக்குக் கலக்கறேன், சரியாப் போச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பிரஷ்களை எடுத்துச் சீவிக் கழுவிக் காகிதத்தில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவருக்குத் தெரியுமா. தெரியாது என்றுதான் நினைத்தேன். டாக்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது. அவர் புத்தகம் படிக்கிறவர் இல்லை. அவரைப் பொறுத்தவரை சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்று நான் சொன்னேன், கொதிக்கும். மருந்து என்றேன், மருந்து. இப்படியே விட்டுவிட்டால் கடைசிவரை நான் கண்ணைக் காப்பாற்றினவளாகவே இருந்துவிடலாம். விட்டுவிடத்தான் எனக்கு ஆசை. ஆனால் அந்தப் பொய்யோடு தினம் ஆறு தடவை அவர் முகத்துக்கு நேரே குனிய வேண்டியிருந்தது.

போன வாரம் ஒரு சாயங்காலம். மகள் பத்தாவது படிக்கிறாள். மறுநாள் அவளுக்கு அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடத்தில் பரீட்சை. கூடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். அவர் எதிரே நாற்காலியில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சோப்பு காரம், தயிர் அமிலம், சமையல் உப்பு நடுநிலை என்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சுட்ட சுண்ணாம்பு வந்தது. தண்ணீர் விட்டால் அதிக வெப்பத்தை வெளிவிட்டு நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது என்று இரண்டு தடவை படித்தாள். நிறுத்தினாள்.

"அம்மா, நீத்திட்டதுக்கு அப்புறம் மறுபடியும் அதுல தண்ணி ஊத்தினா சூடாகுமா?"

கேள்வியைப் பார். அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. புத்தகத்தில் பாடத்துக்குக் கடைசியில் அப்படி ஒரு கேள்வி இருந்தது, அவ்வளவுதான்.

"ஆகாது" என்றேன்.

"ஏன்?"

"அது குடிக்க வேண்டிய தண்ணியை ஏற்கெனவே குடிச்சிடுச்சு. அப்புறம் ஊத்தினா சும்மா கரையும், கழுவிட்டுப் போயிடும்."

அவள் எழுதிக்கொண்டாள். நான் அவரைப் பார்க்கவில்லை. ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். மகள் கொஞ்ச நேரத்தில் ஏதோ நோட்டு வாங்கப் பக்கத்து வீட்டுத் தோழியிடம் போய்விட்டாள். சொட்டு மருந்துக்கு நேரம் ஆகியிருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். அவர் முகத்தைத் தூக்கினார். என்னால் குனிய முடியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லு."

"அன்னைக்கு நீங்க ஊத்தறதுக்கு மக்குல மொண்டுட்டீங்க. நான்தான் வேண்டாம்னேன்."

"ஆமா."

"அது தப்பு. ஊத்தியிருக்கணும். நீத்தின சுண்ணாம்பு கொதிக்காது. நான் மேல போய் எடை போட்டுக் கலக்கிட்டு வர்ற வரைக்கும் அது கண்ணுக்குள்ள இறங்கிட்டே இருந்துச்சு. டாக்டர் அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லல. அந்தக் கண்ணு என்னாலதான் போச்சு."

இவ்வளவையும் ஒரே மூச்சில், பாட்டில் கணக்கு ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தேன். அவர் தூக்கிய முகத்தை இறக்கினார். நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார்.

"அந்தச் சுண்ணாம்பை நீத்தினது யாரு?" என்று கேட்டார்.

"நீங்கதான்."

"ரெண்டு நாள் முன்னாடியே நீத்தித் தொட்டியில ஊறப் போட்டேன். காலையில அதுல நாலு வாளி தண்ணி ஊத்திக் கையாலதான் கலக்கினேன். அது கொதிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது, மொத்தமாகப் புரியவில்லை.

"முப்பது வருஷமா இந்த வேலை செய்யறேன். எத்தனை தடவை கண்ணுல தெறிச்சிருக்கு. தண்ணிய அள்ளி அள்ளி ஊத்திட்டு வேலையைப் பாப்போம். எங்களுக்கு வேற என்ன மருந்து தெரியும்?"

"அப்ப ஏன் மக்கைக் கீழ வெச்சீங்க?"

"நீ வேண்டாம்னு சொன்ன."

நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணுக்குள்ள போனா வேற மாதிரி போலன்னு நினைச்சேன்" என்றார். "எனக்குத் தெரியாத ஏதோ உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். எரிச்சல் தாங்க முடியல. குழாய் சொட்டற சத்தம் பக்கத்துலயே கேட்டுச்சு. எழுந்து போயிடலாமான்னு ரெண்டு தடவை நினைச்சேன். நீ வந்துடுவன்னு உக்காந்துட்டேன்."

அவர் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர்போல் சொன்னார். நான் நான்கு மாதமாக ஒளித்து வைத்திருந்தது அவரிடம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. என்னிடம் இருந்ததைவிட அதிகமாகவே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில், என் பொண்டாட்டி உடனே மருந்து ஊத்திட்டாங்க என்று முந்திக்கொண்டு சொன்னபோதும் இருந்திருக்கிறது.

"ஏன் என்னைக் கேக்கல இத்தனை நாளா?"

"என்னன்னு கேக்கறது?" என்றார். "நீயா சொல்லுவன்னு பாத்தேன். அப்புறம் சொல்ல மாட்டன்னு நினைச்சேன்."

"என் மேல கோவமா?"

"இருக்கு" என்றார். பிறகு யோசித்தார். "யார் மேலன்னு தெரியல. என் மேலயும் இருக்கு. தெரிஞ்ச வேலையை விட்டுட்டு உக்காந்திருந்தேனே."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கலாம். எனக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்போதுமே தெரியாது.

"இனிமே நான் ஏதாவது சொன்னா கேப்பீங்களா?"

சட்டென்று கேப்பேன் என்று சொல்லிவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. பத்தொன்பது வருடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு, நிஜமாகவே யோசித்தார்.

"கேப்பேன்" என்றார். "ஆனா எனக்குத் தெரிஞ்சதையும் ஒரு தடவை நினைச்சுப் பாத்துட்டுத்தான் கேப்பேன்."

சரியான பதில்தான். குழாயடியில் அவர் சொல்லியிருக்க வேண்டிய பதில். அதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் எங்கோ சுரீரென்று வலித்தது. இத்தனை நாளில் எனக்கு வலித்தது அதுதான் முதல் தடவை. பாட்டிலை மேசை மேல் வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகை நிற்கவில்லை. அவர் நாற்காலியில் அப்படியே இருந்தார். அழ வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.